முதல் கடல் ஷிப்மென்ட்: 3,000 டி-ஷர்ட், திருப்பூர் டு டொரொண்டோ. எல்.சி.எல். போடலாமா?

1. பனியன்பட்டறை (திருப்பூர்), அக்டோபர் 2, 2025

வணக்கம். 22 மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறோம். இதுவரை தைத்து, செக்கிங் முடித்துக் கொடுத்தால் எங்கள் வேலை தீர்ந்தது, பெட்டி எந்தக் கப்பலில் போகிறது என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்ட பிறகு எங்களுக்கு வேலை கொடுத்தவர்கள் பாதிப் பேர் கையை விரித்துவிட்டார்கள். சும்மா உட்கார முடியாது என்று சொந்தக்காரர் மூலமாக டொரொண்டோவில் ஒரு தமிழ்க் கடைக்காரரைப் பிடித்து, 3,000 டி-ஷர்ட் ஆர்டர் வாங்கியிருக்கிறேன். அங்கே ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று கொண்டாடுகிறார்களாம், அதற்காக. 180 ஜி.எஸ்.எம். காட்டன், பாதி கறுப்பு பாதி வெள்ளை, நெஞ்சில் பிரிண்ட்.

50 பெட்டி வருகிறது. ஒரு பெட்டியில் 60 பீஸ், அளவு 60 × 40 × 40 செ.மீ., எடை 11 கிலோ. மொத்தம் 550 கிலோ. கூரியரில் கேட்டால் 960 கிலோவுக்கு ரேட் போடுகிறார்கள். ஏமாற்றுகிறார்களா? கடலில் எல்.சி.எல். (ஒரே கன்டெய்னரில் மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து) போட்டால், சரக்கு அனுப்பித் தரும் ஒரு ஃபார்வர்டர் சி.பி.எம்.முக்கு (கன மீட்டருக்கு) 15 டாலர் என்கிறார், இன்னொருவர் 55 என்கிறார். இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? ஐ.இ.சி. கோடு (ஏற்றுமதி இறக்குமதி எண்) கையில் இருக்கிறது. மற்றதெல்லாம் புதுசு.

2. மெர்ச்சண்டைசர்அக்கா (திருப்பூர்), அக்டோபர் 2

ஏமாற்றவில்லைங்க தம்பி. துணி என்பது காற்றை மடித்து அனுப்புகிற வியாபாரம். கூரியர்காரன் நீளம் × அகலம் × உயரத்தை 5,000-ஆல் வகுப்பான். 96,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 19.2 கிலோ, அதை 50 பெட்டியால் பெருக்கினால் அந்த 960 வந்துவிடும். விமான கார்கோ என்றால் 6,000-ஆல் வகுப்பார்கள், 800 கிலோ வரும். எது அதிகமோ அதற்குத்தான் காசு.

கடலில் கணக்கு வேறே. ஒரு கன மீட்டரும் 1,000 கிலோவும் சமம் என்று வைத்து, இரண்டில் எது கூடுதலோ அதைப் பிடிப்பார்கள். துணி ஒருநாளும் அந்த 1,000 கிலோவைத் தொடாது, அதனால் நமக்கு எப்போதும் சி.பி.எம். கணக்குத்தான். உங்கள் பெட்டி 0.096 சி.பி.எம்., 50 பெட்டிக்கு 4.8. பெட்டி உயரத்தை 35-க்குக் குறைக்க முடிகிறதா பாருங்கள். பாலி பேக்கில் காற்றை அமுக்கி வெளியேற்றி மடித்தால் முடியும். 4.2 வந்துவிடும். அரைச் சொச்சம் சி.பி.எம். சும்மா மிச்சம். ஆனால் ரொம்ப அமுக்கினால் மடிப்பு விழுந்து, கடையில் திரும்ப அயர்ன் போட வேண்டிவரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. முத்துநகர் (தூத்துக்குடி), அக்டோபர் 2

சி.எச்.ஏ. (சுங்க ஏஜென்ட்) ஆபீஸில் பதினோரு வருசமாக இருக்கேன். அந்த 15 டாலர்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "டொரொண்டோவில் டெஸ்டினேஷன் சார்ஜ் எவ்வளவு, எழுத்தில் அனுப்புங்க." அதோடு பேச்சு குறைந்துவிடும்.

எல்.சி.எல்.லில் கடல் கட்டணம் வெறும் தூண்டில் புழு. சில ரூட்டில் பூஜ்யத்துக்குக்கூடத் தருவாங்க. பத்துப் பேர் சரக்கைச் சேர்த்து ஒரு கன்டெய்னரை நிரப்புகிற கன்சாலிடேட்டர், இங்கே விட்டதை அந்தப் பக்கத்து ஏஜென்ட் வழியாகப் பிடிச்சிருவார். கன்டெய்னரைப் பிரிக்க ஒரு காசு, கிடங்கில் கைவைக்க ஒரு காசு, பேப்பர் கொடுக்க ஒரு காசு. அதைக் கட்டப்போவது உங்க பையர். அவர் பில்லைப் பார்த்துட்டு உங்களைத்தான் திட்டுவார்.

4. ஸ்கார்பரோகடை (டொரொண்டோ), அக்டோபர் 3

முத்துநகர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் இங்கே சின்ன உடுப்புக்கடை வைத்திருக்கிறேன் (தம்பியின் பையர் நான் இல்லை, முதலே சொல்லிவிடுகிறேன்). மூன்று வருசத்துக்கு முதல் இந்தியாவிலிருந்து 3 சி.பி.எம். இறக்கினேன். கடல் கட்டணம் 90 டாலர்தான் என்று அனுப்பினவர் பெருமையாகச் சொன்னார். இங்கே வந்த பிறகு கிடங்குக்காரர் நீட்டின பில் 640 கனேடிய டாலர். அதைக் கட்டினால்தான் சாமானை விடுவார்கள். இரண்டு நாள் சண்டை பிடித்தேன், மூன்றாம் நாள் கிடங்கு வாடகை ஓடத் தொடங்கிவிட்டது, பேசாமல் கட்டிவிட்டு எடுத்தேன்.

இதுக்கு மேலே சுங்கவரி இருக்கு. காட்டன் டி-ஷர்ட்டுக்குக் கனடாவில் 18 வீதம். பிறகு ஒன்ராறியோவில் எச்.எஸ்.டி. என்கிற விற்பனை வரி 13 வீதம், அது கடைக்காரருக்குப் பின்னால் கழிவாகத் திரும்பும், ஆனால் முதலில் கையிலிருந்து போகவேணும். உங்கள் பையருக்கு இதெல்லாம் தெரியுமோ என்று கதைத்துப் பாருங்கோ. கலியாணத்துக்குச் சீலை எடுப்பித்த பழக்கத்தில் "ஒரு பெட்டிதானே" என்று இருப்பார்கள்.

இன்னொன்று, லேபல். துணி எந்த நார் என்பது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கவேணும். ஆங்கிலத்தில் மட்டும் அடித்துவிட்டு, இங்கே வந்து 3,000 ஸ்டிக்கர் ஒட்டின ஆட்களை எனக்குத் தெரியும்.

5. காட்டன்குமார் (கோவை), அக்டோபர் 3

இவ்வளவு பயமுறுத்தினால் புதுசாக யாரும் எக்ஸ்போர்ட்டுக்கே வரமாட்டார்கள். தம்பி, எளிய வழி சொல்கிறேன். டி.டி.பி. என்று ஒரே விலை போடுங்கள். வரி, கிடங்கு, டெலிவரி எல்லாம் சேர்த்து. பையருக்கு வாசல்படியில் பெட்டி வந்து இறங்கினால் அடுத்த ஆர்டர் உங்களுக்குத்தான். நான் துபாய்க்கு அப்படித்தான் செய்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

6. முத்துநகர், அக்டோபர் 3

துபாய் வேற, கனடா வேற அண்ணாச்சி. துபாயில் வரி குறைவு, உங்களுக்கு அங்கே ஆளும் இருக்கும். கனடாவில் டி.டி.பி. என்றால் இந்தத் தம்பியே அங்கே இறக்குமதியாளராகப் பதிஞ்சு வரி கட்டணும்.

7. ஸ்கார்பரோகடை, அக்டோபர் 3

ஓம். போன வருசம் அக்டோபரிலிருந்து கார்ம் என்று கனடா சுங்கத்தின் புது முறை வந்துவிட்டது. இறக்குமதி செய்கிறவர் தானே அந்த இணையத்தளத்தில் பதிந்து, வரிக்குத் தானே பிணை வைக்கவேணும், முந்தி மாதிரி புரோக்கரின் பிணையில் ஒட்டிக்கொண்டு வர ஏலாது. இங்கே இருக்கிற எங்களுக்கே அதைச் செய்து முடிக்க மண்டை காய்ந்தது. திருப்பூரில் இருந்துகொண்டு முதல் ஷிப்மென்டிலேயே அதைத் தலையில் போடாதையுங்கோ.

8. பனியன்பட்டறை, அக்டோபர் 3

அப்படியென்றால் எஃப்.ஓ.பி. தூத்துக்குடி போட்டுவிடட்டுமா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

9. மெர்ச்சண்டைசர்அக்கா, அக்டோபர் 3

திருப்பூரில் எல்லாருக்கும் வாயில் வருவது எஃப்.ஓ.பி.தான். நானும் அப்படித்தான் பேசுவேன். ஆனால் எழுதும்போது யோசியுங்கள். எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு உங்களுடையது. எல்.சி.எல்.லில் நீங்கள் பெட்டியைத் தூத்துக்குடி சி.எஃப்.எஸ்.ஸில் (சரக்கைச் சேர்த்துக் கன்டெய்னரில் ஏற்றுகிற கிடங்கில்) இறக்கிவிட்டு வந்துவிடுவீர்கள். அப்புறம் கன்டெய்னர் நிரம்புகிற வரை ஒரு வாரம் அங்கே கிடக்கும், மழை அடிக்கும், ஃபோர்க்லிஃப்ட் இடிக்கும். அந்த ஒரு வாரம் உங்கள் கையிலும் இல்லை, ஆனால் பொறுப்பு மட்டும் உங்கள் தலையில். அதனால் எஃப்.சி.ஏ. என்று போட்டு, சி.எஃப்.எஸ். பெயரையே எழுதிவிட்டால் ஒப்படைத்த இடத்தோடு பொறுப்பு கைமாறும். பையரே ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுத்தால் அந்த டெஸ்டினேஷன் சார்ஜ் சண்டையும் அவர்களுக்குள் முடிந்துவிடும்.

பணம் எப்படி பேசியிருக்கிறீர்கள்?

10. பனியன்பட்டறை, அக்டோபர் 4

30 சதவீதம் அட்வான்ஸ் வந்துவிட்டது. மீதி சரக்கு போய்ச் சேர்ந்ததும். சொந்தக்காரர் சொன்ன ஆள்தானே என்று…

11. பழையபனியன் (திருப்பூர்), அக்டோபர் 4

சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மொய் வைப்பார், உங்கள் நூல் கடனை அடைக்க மாட்டார். மீதி 70-ஐ "பி.எல். நகல் காட்டியதும்" என்று மாற்றிப் பேசுங்கள். இன்னும் பேச நேரம் இருக்கிறது.

பி.எல். (கப்பலில் ஏற்றியதற்குத் தரும் பில் ஆஃப் லேடிங்) என்பது ரசீது மட்டுமில்லை, அது சரக்கின் பத்திரம். ஒரிஜினல் மூன்று காப்பி தருவார்கள், அதில் ஒன்று கையில் இருந்தால்தான் அந்தப் பக்கம் சரக்கை எடுக்க முடியும். காசு வந்ததும் ஒரிஜினலை இங்கேயே ஃபார்வர்டரிடம் திருப்பிக் கொடுத்து, அந்தப் பக்கம் ஒரிஜினல் கேட்காமல் சரக்கை விடும்படி டெலக்ஸ் ரிலீஸ் போடச் சொல்லலாம், கூரியர் செலவும் மிச்சம். ஆனால் "சீக்கிரம் ஆகும்" என்று யாராவது சீ வேபில் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் பேர் இருக்கிற ஆள் நேராகப் போய் எடுத்துக்கொள்வான். காசு வந்ததா இல்லையா என்று கிடங்குக்காரன் கேட்கமாட்டான்.

1998-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். பணத்தில் ஏமாந்ததைவிட ஈரத்தில் இழந்ததுதான் எனக்கு அதிகம், அதை ராத்திரி எழுதுகிறேன். இப்போது கரண்ட் போகப்போகிறது.

12. காட்டன்குமார், அக்டோபர் 4

கரண்ட் வந்ததா அண்ணா? 😀

13. பழையபனியன், அக்டோபர் 4

வந்தது. சொல்கிறேன்.

ஒரு ஐப்பசி மாசம். ஐரோப்பாவுக்கு முழு கன்டெய்னர், நேவி கலர் போலோ. ஷிப்மென்ட் தேதி நெருக்கியது. ராத்திரி அயர்ன் போட்டு, சூடு ஆறுவதற்குள் பாலி பேக்கில் திணித்து, பெட்டி மூடி, டேப் ஒட்டி லாரியில் ஏற்றினோம். வெளியே மழை. பெட்டிகளை இறக்கி வைத்திருந்த தரையும் ஈரம். 40 நாள் கழித்து போட்டோ வந்தது. மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பூசணம். பெட்டியைத் திறந்த இடத்திலேயே நாற்றம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த வருசம் சம்பாதித்தது எல்லாம் அந்த ஒரு கன்டெய்னருக்குள் போனது.

என்ன நடந்தது என்று அப்புறம்தான் விளங்கியது. பஞ்சு சாதாரணமாகவே எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அயர்ன் நீராவி அதற்கு மேல். நம்மூர் வெயிலில் கன்டெய்னர் கொதிக்கும், அந்த ஈரம் காற்றில் ஏறும். கப்பல் குளிர்ந்த கடலுக்குப் போனதும் கன்டெய்னர் கூரை சில்லிட்டு உள்பக்கம் வேர்த்து, சொட்டுச் சொட்டாகப் பெட்டி மேலேயே விழும். கன்டெய்னர் மழை என்பார்கள். ஓட்டையே இல்லாத கன்டெய்னரிலும் இது நடக்கும். உங்கள் சரக்கு டிசம்பரில் கனடாவுக்குப் போகிறது, யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் அயர்ன் ஆனதும் ஒரு ராத்திரியாவது ரேக்கில் ஆறவிடுங்கள். பாலி பேக்கில் ஓட்டை இருக்கட்டும். பெட்டி அட்டையையும் ஈர மீட்டர் வைத்துப் பாருங்கள், பெட்டிக் கம்பெனியிலிருந்து ஈரமாகவே வரும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். பெட்டிக்குள் சிலிகா ஜெல் போடுங்கள். எல்.சி.எல்.லில் பக்கத்தில் யார் சரக்கு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஈர மரப் பலகையோ, மசாலாவோ, எதுவும் இருக்கலாம். உள்ளே ஒரு மாஸ்டர் பாலி (பெரிய பை) போட்டு 60 பீஸையும் சேர்த்து மூடுங்கள்.

14. கரூர்துண்டு (கரூர்), அக்டோபர் 5

சிலிகா ஜெல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கால்சியம் குளோரைடு பை நன்றாக உறிஞ்சும், நாங்கள் முழு கன்டெய்னரில் சுவரோரம் தொங்கவிடுகிறோம், ஆனால் அது உறிஞ்சின தண்ணீரைப் பைக்குள்ளேயே திரவமாகத் தேக்கி வைக்கும். துணிப் பெட்டிக்குள் போட்டுக் கிழிந்தால் கதை முடிந்தது. எனக்கு 200 டேபிள் கிளாத் அப்படிப் போனது.

15. மெர்ச்சண்டைசர்அக்கா, அக்டோபர் 5

வெள்ளை பாதி என்றீர்களே, பாலி பேக் வாங்கும்போது பி.எச்.டி. (BHT) என்கிற ரசாயனம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். மலிவுப் பையில் அந்த ரசாயனம் இருக்கும். புகைக்காற்றோடு சேர்ந்து துணி மடிப்பில் மஞ்சள் அடித்துவிடும். சலவை செய்தால் போகும், ஆனால் கடையில் தொங்கும் புது டி-ஷர்ட்டை எந்தக் கடைக்காரர் சலவை செய்வார்? எங்கள் பையிங் ஆபீஸில் இதற்கு டெஸ்ட்டே வைத்திருக்கிறோம்.

பிரிண்ட் பிளாஸ்டிசால் மையா? அப்படியென்றால் பிரிண்ட் மேல் பட்டர் பேப்பர் வையுங்கள். வெயிலில் நிற்கும் கன்டெய்னருக்குள் இருக்கிற சூட்டுக்கு நெஞ்சுப் பிரிண்ட் முதுகில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரிந்து வரும்.

16. பனியன்பட்டறை, அக்டோபர் 5

பிளாஸ்டிசால்தான். பட்டர் பேப்பர் கணக்கிலேயே இல்லை. 3,000 பேப்பர் சொல்லிவிட்டேன். இன்னும் என்னென்ன இருக்கிறது என்று கேட்கவே பயமாக இருக்கிறது. எத்தனை நாள் ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே?

17. முத்துநகர், அக்டோபர் 5

45-லிருந்து 60 நாள் என்று வைங்க. தூத்துக்குடியிலிருந்து பெரும்பாலும் ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்பு, அங்கே பெரிய கப்பலுக்கு மாறணும். நேரா சூயஸ் வழியாகப் போனால் சீக்கிரம். 2023 நவம்பரில் செங்கடலில் ஹூதிகள் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்தாங்க இல்லையா, டிசம்பரிலிருந்து பெரிய கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பிச்சாங்க, அதில் பத்து நாளுக்கு மேல் கூடுது. அப்புறம் கனடாவில் ஹாலிஃபாக்ஸிலோ மான்ட்ரியலிலோ இறக்கி ரயிலில் டொரொண்டோ. சில கன்சாலிடேட்டர் சிங்கப்பூர் வழியாக வான்கூவர் கொண்டுபோய் அங்கிருந்து ரயிலேற்றுவாங்க. எந்த வழி என்று கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

ஜனவரிக்குக் கடையில் தொங்கணும் என்றால் இந்த மாசம் கப்பல் ஏறியே ஆகணும். தீபாவளி 20-ம் தேதி. உங்க ஆட்கள் ஊருக்குப் போனால் எப்போது திரும்புவாங்க?

18. பனியன்பட்டறை, அக்டோபர் 5

பத்து நாள் கழித்து, பாதிப் பேர். 15-ம் தேதிக்குள் பெட்டி கட்டிவிடுவேன், ராத்திரி ஷிப்ட் போட்டாவது.

19. பழையபனியன், அக்டோபர் 5

ராத்திரி ஷிப்ட் போடுங்கள். அயர்ன் சூட்டோடு மட்டும் பெட்டியை மூடாதீர்கள்.

20. காட்டன்குமார், அக்டோபர் 6

இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி அடுத்து யாராவது வருவார்கள் பாருங்கள். 4 சி.பி.எம். டி-ஷர்ட்டுக்கு அது வீண் செலவு. கப்பல் என்ன தினமுமா மூழ்குகிறது?

21. முத்துநகர், அக்டோபர் 6

தினமும் மூழ்கவில்லை. இந்த மே 25-ல் மூழ்கிச்சு. எம்.எஸ்.சி. எல்சா 3, விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குப் போகிற வழியில், 600-க்கும் மேல் கன்டெய்னரோடு. பக்கத்து ஊர் விசயம்தானே அண்ணாச்சி.

மூழ்காமலே காசு போகும். 2021 மார்ச்சில் சூயஸில் எவர் கிவன் குறுக்கே நின்னதே, கப்பல்காரர் ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சார். அதாவது கப்பலைக் காப்பாற்றின செலவில் சரக்குக்காரங்க எல்லாரும் சரக்கு மதிப்புக்கு ஏத்த பங்கு தரணும். உங்க பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் அந்தப் பங்குக்குப் பிணை கொடுத்தால்தான் சரக்கை விடுவாங்க. இன்சூரன்ஸ் இருந்தால் அந்தக் கம்பெனி பார்த்துக்கும், இல்லாவிட்டால் ரொக்கமாக டெபாசிட் கட்டணும். மதிப்பில் 110 சதவீதத்துக்கு, இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் 'ஏ' பிரிவில் எடுங்க. 'சி' மலிவு, ஆனால் மழைத்தண்ணீர் நனைச்சதெல்லாம் அதில் வராது.

22. காட்டன்குமார், அக்டோபர் 6

சரி, அந்த ஆவரேஜ் விசயம் எனக்குத் தெரியாது. ஆனால் டி.டி.பி. பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆள் இருக்கிற நாட்டுக்கு அதுதான் நல்லது.

23. பனியன்பட்டறை, அக்டோபர் 17

அப்டேட். பெட்டி நேற்று லாரியில் ஏறியது. உயரம் 36 செ.மீ.க்குக் குறைத்தோம், மொத்தம் 4.32 சி.பி.எம். 70 சதவீதம் பி.எல். நகலுக்கு என்று பையர் ஒத்துக்கொண்டார், அவர் முகம் சுளித்தாரா தெரியாது, போனில்தான் பேசினோம். 15 டாலர்காரரிடம் டெஸ்டினேஷன் சார்ஜ் எழுத்தில் கேட்டேன், இரண்டு நாள் பதிலே இல்லை. 55 டாலர்காரர் அன்று சாயங்காலமே லிஸ்ட் அனுப்பினார். அதைப் பையருக்குக் காட்டி, அவரையே புக் பண்ணச் சொல்லிவிட்டேன். எஃப்.சி.ஏ.தான்.

லேபல் பிரெஞ்சில் ஒரு எழுத்துப் பிழை வந்து திரும்ப அடித்தோம். அதுதான் செலவு.

24. முத்துநகர், அக்டோபர் 17

கப்பல் கிளம்பினதும் ஐஸ்கேட்டில் (சுங்கத் துறை இணையத்தளம்) ஈ.ஜி.எம். (கப்பலில் போன சரக்குப் பட்டியல்) ஏறியிருக்கா பாருங்க. லைன்காரங்க அதில் கன்டெய்னர் எண்ணோ பெட்டி எண்ணிக்கையோ தப்பாகப் போட்டால் உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய வரி, டிராபேக், ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். எல்லாம் அப்படியே நிக்கும். இதை யாரும் தானா வந்து சொல்லமாட்டாங்க, மூணு மாசம் கழிச்சு "காசு ஏன் வரலை" என்று என்கிட்ட வந்து நிற்பாங்க.

25. பனியன்பட்டறை, டிசம்பர் 19

சரக்கு 16-ம் தேதி கிடங்குக்கு வந்து, நேற்று கடைக்குப் போய்விட்டது. லாரியில் ஏறியதிலிருந்து 61 நாள். முத்துநகர் அண்ணன் சொன்ன மாதிரியே ஈ.ஜி.எம்.மில் 50 பெட்டிக்குப் பதில் 5 என்று ஏறியிருந்தது, திருத்த மூன்று வாரம் ஆனது.

இரண்டு பெட்டி மூலை நசுங்கியிருக்கிறது. மாஸ்டர் பாலி இருந்ததால் உள்ளே ஒன்றும் இல்லை. பூசணம் இல்லை, மஞ்சள் இல்லை. பட்டர் பேப்பர் எதற்கு வைத்தீர்கள், குப்பை அள்ளி மாளவில்லை என்று பையர் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

26. ஸ்கார்பரோகடை, டிசம்பர் 19

சந்தோசம் தம்பி. இங்கே மைனஸ் 11. அந்த டி-ஷர்ட்டை எல்லாரும் ஜாக்கெட்டுக்கு உள்ளேதான் போடப்போகினம், பிரிண்டை ஆர் பார்க்கிறது.

27. பனியன்பட்டறை, டிசம்பர் 20

அதையேதான் பையரும் சொன்னார். அடுத்த ஆர்டர் ஹூடி கேட்கிறார், 1,500 பீஸ். ஃப்ளீஸ் துணி, பெட்டிக்கு 15-க்கு மேல் அடங்காது போலிருக்கிறது. புது இழை திறக்கட்டுமா?

28. மெர்ச்சண்டைசர்அக்கா, டிசம்பர் 20

இங்கேயே கேளுங்கள். முதலில் பெட்டி அளவைப் போடுங்கள்.